பில் தேதியும் பிதாவின் சித்தமும்: ஜே.சி. குமரப்பாவை அம்பத்தூரில் வாசித்த குறிப்பு

எங்கள் சபையில் போன வருஷக் கடைசியில் எல்லோருக்கும் ஒரு கையடக்கப் புத்தகம் கொடுத்தார்கள். அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவதற்கான நடைமுறை வழிகள் என்பது விஷயம். எங்கள் தெரு ஜெபக்குழுவில் அதை வாராவாரம் ஒரு அத்தியாயமாக நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தச் சாக்கில், இதே விஷயத்தைப் பற்றி வீட்டில் கிடந்த மற்ற சிறு புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மாவின் பெட்டியில் நாலு, என் அலமாரியில் மூன்று, கன்வென்ஷன் கூட்டங்களில் வாங்கியது இரண்டு.

நான் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறவன். எதையாவது படித்தால் கட்டம் போட்டுப் பிரிக்காமல் இருக்க முடியாது. ஒன்பது புத்தகங்களிலும் சொல்லியிருந்த ஆலோசனைகளை ஒரு எக்செல் ஷீட்டில் வரிசையாக அடித்தேன். விடியற்காலையில் எழுந்து ஜெபம். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரமாவது வாசிப்பு. ஹோட்டலில் சாப்பிட்டாலும் கண்ணை மூடி ஸ்தோத்திரம். பக்கத்து சீட்டுக்காரரிடம் சாட்சி சொல்வது. கோபம் வந்தால் பதில் பேசுமுன் நிதானிப்பது. சீரியல், போன் நேரத்தைக் குறைப்பது. தசமபாகத்தைத் தவறாமல் எடுத்து வைப்பது. நோயாளியைப் போய்ப் பார்ப்பது.

இதில் எதுவும் தப்பில்லை. கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. என் அம்மா இந்தப் பட்டியலை அப்படியே வாழ்ந்து காட்டியவர். ஆனா கட்டம் போட்டுப் பார்த்தபோது ஒரு பத்தி காலியாகவே கிடந்தது. 'பணம் வெளியே போகுமிடம்' என்று நான் தலைப்பு வைத்திருந்த பத்தி அது. பணம் சபைக்கு வரும் இடத்தில் வசனம் இருக்கிறது. நம் கையைவிட்டு இன்னொருத்தனுக்குப் போக வேண்டிய இடத்தில் வசனம் இல்லை. கூலி, பில், வட்டி, வாடகை அட்வான்ஸ், வீட்டு வேலை செய்யும் அக்காவின் சம்பளம், இதைப் பற்றி ஒன்பது புத்தகத்தில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

வேதம் இதில் மௌனமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கூலிக்காரனின் கூலி ஒரு ராத்திரிகூட உன்னிடம் தங்கக் கூடாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. பொழுது சாய்வதற்குள் கொடு, அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது உபாகமம் 24. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5 சொல்கிறது. இத்தனை நேரடியாக, நாள் கெடுவோடு பேசும் வசனங்கள் நடைமுறை வழிகாட்டிகளுக்குள் மட்டும் எப்படி வராமல் போனது? இந்தக் கேள்வியோடுதான் நான் குமரப்பாவிடம் போனேன்.

ஆடிட்டராக இருந்த கிறிஸ்தவர்

ஜே.சி. குமரப்பா என்றால் காந்தியப் பொருளாதாரம், கிராமக் கைத்தொழில், கைக்குத்தல் அரிசி என்பதோடு பலருக்கும் நின்றுவிடும். அவர் கிறிஸ்தவர் என்பது தெரிந்தவர்களுக்கும் அது ஒரு ஓரத்துத் தகவல்தான். 1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸாகப் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய் சிரக்யூஸில் வணிக நிர்வாகமும், கொலம்பியாவில் பொதுநிதியும் படித்தார். 1929ல் காந்தியைச் சந்தித்தார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். கோட்டும் சூட்டும் போய் கதர் வந்தது. 1934ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது வார்தாவில் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

அவருடைய 'பிராக்டிஸ் அண்ட் ப்ரீசெப்ட்ஸ் ஆஃப் ஜீசஸ்' 1945ல் நவஜீவன் வெளியீடாக வந்தது. இயேசுவின் நடைமுறையும் போதனையும் என்று சொல்லலாம். 1942 போராட்டத்துக்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதியது. இன்னும் பேர்பெற்ற 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலும் அதே சிறைவாசத்தில் எழுதியதுதான். இரண்டுக்கும் காந்தி முன்னுரை கொடுத்தார். இயேசுவைப் பற்றிய புத்தகத்தை, கடவுளை நம்புகிற யாரும் எந்த மதத்தவரானாலும் படிக்கலாம் என்று சிபாரிசு செய்தார். குமரப்பாவுக்கு தெய்வீக சாஸ்திரத்தில் ஒரு டாக்டர் பட்டம், கிராமக் கைத்தொழிலில் ஒரு டாக்டர் பட்டம் என்று விளையாட்டாகக் கொடுத்தவரும் காந்தியே.

என் பார்வையில் இந்தப் புத்தகத்தின் முழு வாதமும் தலைப்பிலேயே இருக்கிறது. போதனையும் நடைமுறையும் என்று வைப்பதுதான் வழக்கம். முதலில் கொள்கை, அப்புறம் அதைக் கடைப்பிடிப்பது. குமரப்பா நடைமுறையை முன்னால் வைக்கிறார். இயேசு என்ன செய்தார் என்று பார், பிறகு என்ன சொன்னார் என்பது தானாக விளங்கும் என்பது அவர் வழி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவும் கூர்மையானது. பிதாவின் சித்தத்தைச் செய்கிறவனே இயேசுவைப் பின்பற்றுகிறவன். அவன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறான் என்பது இரண்டாம் பட்சம். அப்படிப் பார்த்தால் ஞானஸ்நானம் பெறாத ஒருவர் உள்ளே இருப்பார், பெற்ற பலர் வெளியே நிற்பார்கள். யுத்தத்துக்கும் சாம்ராஜ்யத்துக்கும் ஆசீர்வாதம் கொடுத்த மேற்கத்திய சபைகளை அவர் வெளியே நிறுத்துகிறார்.

இது சிறையில் உட்கார்ந்து திடீரென்று தோன்றிய கோபமில்லை. 1930ல் சத்தியாக்கிரகிகள்மேல் தடியடி நடந்துகொண்டிருந்தபோது, அகிம்சையைப் போதிக்கும் கிறிஸ்தவ ஊழியர்கள் இதில் எங்கே நிற்கிறீர்கள் என்று பகிரங்கமாகக் கேட்டவர் குமரப்பா. கல்கத்தாவில் இருந்த ஆங்கிலிக்கன் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட்டுக்கும் அவருக்கும் இதில் கடிதப் போக்குவரத்தே நடந்தது. சட்டமறுப்புக்கு இயேசுவைத் துணைக்கு அழைக்க முடியாது என்பது பேராயரின் கட்சி. தேவாலயத்தில் மேசைகளைக் கவிழ்த்தவர் யார் என்பது குமரப்பாவின் கட்சி.

மூன்றணா

புத்தகத்தைவிட அவரை எனக்கு நெருக்கமாக்கியது ஒரு கணக்கு விவகாரம். 1934ல் பீகாரில் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம். தொண்டர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்றணாதான் படி என்று அவர் வரையறை வைத்திருந்தார். காந்தி தன் குழுவோடு பாட்னா வந்தார். அவர்களுடைய சாப்பாட்டுச் செலவு அந்த வரையறைக்குள் அடங்கவில்லை. நிவாரண நிதியிலிருந்து இதைக் கொடுக்க முடியாது, நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று குமரப்பா சொல்லிவிட்டார். சொன்னது காந்தியின் ஆட்களிடம். நாட்டிலேயே யாரும் 'இல்லை' என்று சொல்லத் தயங்கும் இடத்தில்.

எங்கள் ஜெபக்குழுவில் இதைச் சொன்னேன். 'நல்ல நேர்மையான மனுஷன்' என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது. ஆனா இதை வெறும் நேர்மை என்று சொல்லி ஓரமாக வைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த நிதி வீடு இடிந்தவர்களின் பணம். அதில் ஒரு அணா அதிகமாகப் போனால் பெயர் தெரியாத ஒருத்தனின் தட்டிலிருந்து அது போகிறது. பெயர் தெரியாத அந்த ஒருத்தனைத் தன் முன்னால் நிற்கும் பெரிய மனிதரைவிடப் பெரியவனாகப் பார்ப்பது ஒரு கணக்குப்பிள்ளைக்கு எப்படி முடிந்தது? மத்தேயு 25ல் வரும் மிகவும் சிறியவர்களில் ஒருவன் பேரேட்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெரும்பாலும் 'கொடுபட வேண்டியவை' என்ற பக்கத்தில்.

என் கணக்கு

இப்போ என் விஷயத்துக்கு வரேன். இதைச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தை விமர்சிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்தில் ஒரு நடுத்தரக் கம்பெனி. பெயர் வேண்டாம். எங்களுக்கு புஷ், ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் பட்டரவாக்கம், மண்ணூர்பேட்டை பக்கம் நிறைய உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 2006ல் வந்தது. அதன்படி குறு, சிறு பட்டறைகளுக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சட்டம் இப்படி. நிஜத்தில் 90 நாள், 120 நாள் சாதாரணம். பட்டறைக்காரர் வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. அதனால் யாரும் கேட்பதில்லை.

பிறகு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழித்துக்கொள்ளலாம். கம்பெனிகளுக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் உறைத்தது. உறைத்ததும் என்ன செய்தார்கள்? பணத்தைக் கொடுத்தவர்களும் உண்டு. தேதியை மாற்றியவர்களும் உண்டு. பழைய பில்லுக்கு ஒரு கிரெடிட் நோட் போட்டுவிட்டு, பிப்ரவரிக் கடைசி தேதி போட்டுப் புது பில் அனுப்புங்க என்று பட்டறைக்காரர்களிடம் கேட்பது. அப்போ மார்ச் 31ல் 45 நாள் தாண்டியிருக்காது.

எங்கள் கம்பெனியில் அந்தப் போன்களைப் போட்டது நான்.

அதில் ஒரு போன், எங்கள் ஜெபக்குழுவிலேயே இருக்கும் ஒரு அண்ணனுக்கு. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூன்று பேர் வேலை. அவருக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது நவம்பர் பில். அந்த பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை அவர் டிசம்பர் 20ஆம் தேதியே கட்டிவிட்டார். எங்களிடமிருந்து பணம் வராமலேயே, கைமாற்று வாங்கி. கிறிஸ்துமஸுக்குப் பையன்களுக்கு போனஸ் கொடுக்க அவர் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது எனக்குத் தெரியும், ஜெபக்குறிப்பில் சொல்லியிருந்தார். நான் போன் போட்டு, 'பிரைஸ் த லார்ட் அண்ணே' என்றுதான் ஆரம்பித்தேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், 'சரி தம்பி, அனுப்பிடறேன். கர்த்தர் பாத்துக்குவார்' என்றார்.

அதற்கு முந்தின ஞாயிறு சாயந்திரம்தான் அவர் வீட்டில் உட்கார்ந்து, வேலையிடத்தில் சாட்சியாக வாழ்வது எப்படி என்ற அத்தியாயத்தை நான் நடத்தியிருந்தேன். அந்த அத்தியாயத்தின்படி பார்த்தால் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. என் மேஜையில் வசனக் காலண்டர் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறேன். யாரிடமும் கத்துவதில்லை. போனில்கூடக் கர்த்தரின் நாமத்தைச் சொல்லித்தான் தொடங்கினேன்.

குமரப்பா எங்கே உதவுகிறார்

'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில் குமரப்பா பொருளாதார நடத்தையை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். முதலாவது ஒட்டுண்ணி வகை. நகைக்காகக் குழந்தையைக் கொல்கிறவன் அதற்கு உதாரணம். அடுத்தது பறிக்கும் வகை, பிக்பாக்கெட் போல. ஆளைக் கொல்வதில்லை, ஆனால் எதுவும் கொடுக்காமல் எடுக்கிறான். மூன்றாவது முயற்சி வகை, தானே உழைத்துத் தானே அனுபவிக்கும் விவசாயி. நான்காவது கூட்டு வகை, கூட்டுக் குடும்பம் மாதிரி, தேனீக்கள் மாதிரி. ஐந்தாவது சேவை வகை, பதில் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை.

இந்த அளவுகோல் எனக்குக் கொடுத்த முக்கியமான உதவி இதுதான். கேள்வி என் மனநிலையைப் பற்றியதாக இல்லை. நான் அன்பாகப் பேசினேனா, ஜெபித்தேனா என்று அது கேட்கவில்லை. பொருள் எந்தத் திசையில் போனது, பதிலுக்கு என்ன வந்தது என்று மட்டும் கேட்கிறது. அப்படிக் கேட்டால் என் போனுக்கு உரிய இடம் தெளிவு. இரண்டாவது வகை. அண்ணனின் நாலு மாதப் பணத்தை வட்டியில்லாமல் எங்கள் கம்பெனி வைத்துக்கொண்டது. அதற்குக் கிடைத்த தண்டனையிலிருந்து தப்பிக்க அவருடைய கையெழுத்தையே வாங்கிக்கொண்டது. பிக்பாக்கெட்காரன்கூட 'நீயே எடுத்துக் கொடு' என்று கேட்பதில்லை.

சிறு புத்தகங்கள் தவறவிடுவது இங்கேதான். அவை விசுவாசத்தை ஒரு குணமாகப் பார்க்கின்றன. குமரப்பா அதை ஒரு பரிவர்த்தனையாகப் பார்க்கிறார். குணத்தை நான் எனக்கே சான்றிதழ் கொடுத்துக்கொள்ள முடியும். பரிவர்த்தனையில் எதிரில் இன்னொருத்தர் இருக்கிறார், அவர் கணக்கும் டாலி ஆகணும்.

குமரப்பா எங்கே உதவவில்லை

இவ்வளவு சொன்னபிறகு குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான்கு இருக்கின்றன.

முதல் குறை, நான் நிற்கும் இடத்துக்கு அவரிடம் வழி இல்லை. அவருடைய முழு நம்பிக்கையும் கிராமத்தில். 1955 ஜனவரியில் நம்ம ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைப் போட்டது. நாடு பெரிய ஆலைகளின் பாதையில் போனது. அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. குமரப்பா அப்போது வேறு பாதையில் இருந்தார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30ல், காந்தி இறந்த அதே தேதியில், காலமானார். எண்ணெய், நிலக்கரி போல எடுக்க எடுக்கக் குறையும் செல்வத்தின்மேல் கட்டிய பொருளாதாரம் யுத்தத்தில்தான் போய் முடியும் என்பது அவர் எச்சரிக்கை. டாங்கித் தொழிற்சாலை சம்பளத்தில் வளர்ந்த எத்தனையோ குடும்பங்கள் ஆவடி, பருத்திப்பட்டு சபைகளில் உலக சமாதானத்துக்காக ஜெபிக்கின்றன. என் மாமா குடும்பமும் அதில் ஒன்று. அவர்களிடம் குமரப்பாவால் சொல்ல முடிவது ஒன்றுதான், வெளியே வா. வெளியே வர முடியாதவன் உள்ளே இருந்தபடி நாளைக் காலை பத்து மணிக்கு என்ன செய்வது? அதற்குப் பதில் அவரிடம் குறைவு.

இரண்டாவது, சாதி. வருணங்களைப் பிறப்பாக இல்லாமல், மனிதன் எதை மதிக்கிறான் என்பதன் படிநிலையாக விளக்கப் பார்க்கிறார். இது எனக்கு ஒட்டவில்லை. அவர் பிறந்த தஞ்சாவூரே இதற்கு எதிர்சாட்சி. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833ல் உத்தரவு போட்டபோது, அதை ஏற்காமல் பெரிய கலகம் நடந்த ஊர்களில் தஞ்சாவூரும் ஒன்று. இன்றைக்கும் தமிழ்நாட்டில் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. அன்றாட வாழ்வில் விசுவாசம் என்று பேசுகிற தமிழ்க் கிறிஸ்தவர், பெண் பார்க்கும் விளம்பரத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் தாண்டிப் போய்விட முடியாது. குமரப்பா தாண்டிப் போய்விடுகிறார்.

மூன்றாவது, குடும்பம். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1921ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய டாக்டர் ஏசுதாசனும் டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும்கூட அப்படித்தான். இவர்கள் வாழ்க்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இவர்கள் காட்டும் மாதிரியில் ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் கேட்கும் பிள்ளை இல்லை. நான் முதலாளியிடம் 'முடியாது' என்று சொன்னால் அதன் செலவை முதலில் கட்டுவது என் மனைவி. அவளைக் கேட்காமல் நான் காட்டும் தைரியம் எந்த வகையில் சேரும்? அவருடைய ஐந்து வகைகளுக்குள் இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

நான்காவது, தோற்றவனுக்கு இந்தப் புத்தகத்தில் இடம் கொஞ்சம்தான். அவருடைய இயேசு டால்ஸ்டாயின் இயேசுவைப் போல் ஒரு முன்மாதிரி. பின்பற்று, அல்லது பின்பற்றுகிறேன் என்று சொல்லாதே. சரிதான். ஆனால் லூக்கா 19ல் சகேயு கணக்கைத் திருத்துவதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது. இந்த வரிசை எனக்கு முக்கியம். போன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தனிடம் 'நீ வெளியே' என்று மட்டும் சொன்னால், அவன் வசனக் காலண்டரைக் கழற்றி வைப்பானே தவிர பில்லைத் திருத்த மாட்டான். இந்த இடத்தில் அம்மாவின் பெட்டியில் இருந்த சிறு புத்தகங்கள் குமரப்பாவைவிட மனிதனை நன்றாக அறிந்திருக்கின்றன. விழுந்தவன் மறுபடி காலையில் எழுந்து முழங்கால் போடலாம் என்று அவை ஒவ்வொரு பக்கத்திலும் சொல்கின்றன.

ஆக என் தீர்ப்பு இது. சிறு புத்தகங்கள் எழுந்திருக்கச் சொல்லிக்கொடுக்கின்றன, எழுந்து எங்கே போவது என்று சொல்வதில்லை. குமரப்பா எங்கே போவது என்று சொல்கிறார், விழுந்தவனுக்காக நிற்பதில்லை. ஒன்றை மட்டும் எடுக்கணும்னா எதை எடுப்பது என்று கேட்டால், என் தலைமுறைக்கு குமரப்பாவைச் சொல்வேன். முழங்கால் போடுவது நமக்கு ஓரளவு பழகிவிட்டது. பேரேடு பழகவில்லை.

பிறகு நடந்தது

முதலில் வீட்டில் பேசினேன். மனைவி நெடுநேரம் யோசித்துவிட்டு, 'வேலையை விடாதீங்க, பொய்யை விடுங்க' என்றாள். அதற்கப்புறம் தேதி மாற்றச் சொல்லும் போன்களை நான் போட மாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. 'சரி, பர்ச்சேஸ் பையனைப் போடச் சொல்றேன்' என்றார். அவ்வளவுதான். என் கை சுத்தமானது, அண்ணனுக்கு ஒரு பைசா வரவில்லை.

அப்போதுதான் மூன்றணா ஞாபகம் வந்தது. குமரப்பா அங்கே கை கழுவிக்கொள்ளவில்லை, கணக்கு எழுதினார். சனிக்கிழமை தோறும் ஒரு பட்டியல் தயார் செய்ய ஆரம்பித்தேன். எந்தப் பட்டறைக்கு எவ்வளவு பாக்கி, சரக்கு கேட்டுக்குள் வந்த தேதியிலிருந்து எத்தனை நாள், 45 தாண்டியிருந்தால் சட்டப்படி இன்றுவரை எவ்வளவு வட்டி. அந்த வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது, வரித் தணிக்கை அறிக்கையில் அதைத் தனியாகக் காட்டவும் வேண்டும். அதனால் பட்டியலை முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் சேர்த்தே மெயில் போட்டேன். ஒரு வார்த்தை கூடுதலாக எழுதவில்லை. எண்கள் மட்டும். முதல் இரண்டு வாரம் பதிலில்லை. மூன்றாவது வாரம் ஆடிட்டர் போன் செய்து பேசினார், முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். அதற்கடுத்த மாதத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்குக் கீழே உள்ள பில்களுக்கு வாராவாரம் பணம் போகிறது. பெரிய பில்கள் இன்னும் பழைய கதைதான். எனக்கு இந்த வருஷம் இன்கிரிமெண்ட் இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணனிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். பட்டறையில் ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, அவர் மெஷினை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்ததும், 'பணத்தை முதல்ல அனுப்பு தம்பி, மன்னிப்பை அப்புறம் பாத்துக்கலாம்' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனா சொன்னதை அவர் மாற்றவில்லை. ஜூன் இரண்டாம் வாரம் அவருடைய நவம்பர் பில் பாஸானது, வட்டி இல்லாமல். வட்டிக் கணக்கு என் ஷீட்டில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெபக்குழுவில் அந்தச் சிறு புத்தகம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டார்கள். யாக்கோபு நிருபம் என்றேன். அஞ்சாம் அதிகாரத்தை அண்ணன் நடத்துவதாக ஏற்பாடு.